விசிலக்காவின் நெஞ்செரிச்சல்

அவளை முதன்முதலில் கைநீட்டி அடித்தவர் ஒரு பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை கால்பந்து லீக்கில் வங்கி அணிக்காக இரவல் ஆட்டக்காரராக வந்தவர். அவர் போட்ட கோலை ஆஃப்சைடு என்று அவள் விசில் ஊதியதும் ஓடி வந்து, "கண்ணு இருக்கா உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே முழங்கையால் வாயில் ஒன்று வைத்தார். கீழ்வரிசையில் ஒரு பல் ஆடிப்போனது. அவள் ரத்தத்தைத் துப்பினாள். சட்டைப்பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"வெளிய போங்க. நாளைக்குக் காலைல உங்க கிளினிக்குக்கு வர்றேன். இந்தப் பல்லை நீங்கதான் சரி பண்ணித் தரணும்."

சொன்னபடி போனாள். அவரும் சரிசெய்து கொடுத்தார். வாயை நல்லாத் திறங்க என்று சொல்லும்போது அவர் கை நடுங்கியதை அவள் பல வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

விசிலக்கா என்றுதான் அவளுக்குப் பெயர். ஆட்டம் தொடங்கும்போது "வணக்கம்க்கா" என்பார்கள். முதல் ஃபவுலுக்கு "என்னக்கா இது" என்பார்கள். மஞ்சள் அட்டை வெளியே வந்துவிட்டால் அக்கா காணாமல் போய்விடுவாள், அம்மாவைத்தான் இழுப்பார்கள். அதற்கெல்லாம் அவள் காது கொடுப்பதில்லை. வாயால் எது வந்தாலும் மஞ்சளோடு போகட்டும், கையோ காலோ வந்தால் சிவப்பு என்று ஒரே கணக்கு வைத்திருந்தாள்.

பிழைப்பு வேறு. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வெட்டும் மெஷினில் பதினெட்டு வருஷம். திறந்து திறந்து மூடும் இரும்பு வாய் அது. பெரிய அட்டைத் தாளை உள்ளே வைத்துக் கையை எடுப்பதற்குள் பற்கள் இறங்கிவிடும். பக்கத்து மெஷின்காரிக்கு இரண்டு விரல்கள் அப்படித்தான் போயின. அந்த விரல்களைத் தாள்களுக்கு நடுவிலிருந்து பொறுக்கி ஐஸ் பையில் போட்டுக்கொடுத்ததும் இவள்தான். தரையில் அடுக்கியிருக்கும் தாள்கட்டைத் தூக்க ஒரு ஷிஃப்டில் நானூறு தடவையாவது குனிந்து நிமிர வேண்டும்.

அவள் நடுவரானதும் ஓர் அடிதடியில்தான். தொழிற்சாலை அணிக்கும் கணவன் விளையாடிய தெரு அணிக்கும் ஆட்டம். பாதியில் நடுவரைப் போட்டு மிதித்தார்கள். மனுஷன் விசிலைப் புல்லில் எறிந்துவிட்டு மதில் ஏறிக் குதித்து ஓடியே போய்விட்டார். வேடிக்கை பார்க்க வந்தவள் அந்த விசிலை எடுத்தாள், துப்பட்டாவில் துடைத்தாள், ஊதினாள். ஊதிய கையோடு அவள் கொடுத்த முதல் தீர்ப்பு ஒரு பெனால்டி. கோல் கீப்பராக நின்றிருந்த சொந்தப் புருஷனுக்கு எதிராக. அவன் வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் பெயிண்டர், வாய்க்குப் பூட்டே இல்லாதவன். அப்படிப்பட்டவன் அதற்குப் பிறகு மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

நாற்பதாவது வயதில் ஓர் ஆட்டத்தில், ஃப்ரீ கிக் மறுத்த கோபத்தில் ஒருவன் பந்தை வேண்டுமென்றே அவள் வயிற்றைப் பார்த்து உதைத்தான். மூச்சு நின்றுபோய் மண்டியிட்டாள். புளித்த தண்ணீர் ஒன்று தொண்டைவரை ஏறி வந்து நெருப்பாய் இறங்கியது. அதற்கு முன்பே சில மாதங்களாக அந்த எரிச்சல் இருந்ததை அன்றைக்குத்தான் தனக்குத்தானே ஒத்துக்கொண்டாள். தாள்கட்டைத் தூக்கக் குனியும்போதெல்லாம் நெஞ்சுக்குழியில் தீக்குச்சி கிழித்தது மாதிரி இருக்கும். இதயமாகத்தான் இருக்கும் என்று பயந்து, பயத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

இதயம் நன்றாக இருந்தது. குழாயை விழுங்க வைத்து எண்டோஸ்கோபி பார்த்த டாக்டர், லேசானதுதான் என்றார். இரைப்பையின் வாசலில் இருக்கும் வளையம் கொஞ்சம் தளர்ந்து, அமிலம் மேலே எதுக்களித்து வருகிறது. உணவுக்குழாயில் புண் இல்லை, வெறும் சிவப்புதான். காலையில் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் ஒரு கேப்ஸ்யூல், எட்டு வாரம், பிறகு வந்து காட்டு என்று எழுதிக்கொடுத்தார். ஒரே வாரத்தில் தீ அணைந்தது. எட்டு வாரம் முடிந்ததும் அவள் போய்க் காட்டவில்லை. அதே சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டே இருந்தாள். தெருமுனையில் அவள் தலை தெரிந்தாலே கடைக்காரர் மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்துவிடுவார். மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

தொழிற்சாலை மருத்துவ அறைக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். குள்ளமானவர், படபடவென்று பேசுபவர்.

"எத்தனை நாளா இதைச் சாப்பிடுறீங்க?"

"மூணு வருஷமா."

"யாரு தொடரச் சொன்னா?"

"யாரும் நிறுத்தச் சொல்லல டாக்டர்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "சில பேருக்கு உள்ள புண்ணு இருக்கும். அவங்க இதை வாழ்நாள் பூரா தினமும் சாப்பிட்டே ஆகணும், பயப்படாம சாப்பிடலாம். உங்களுக்கு லேசானது. எவ்வளவு குறைஞ்ச மருந்துல அடங்குதோ அதுல நிறுத்திக்கிறதுதான் நல்லது. இப்ப நாற்பது மில்லிகிராம் சாப்பிடுறீங்க. ஒரு மாசம் இருபது. அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்புறம் நிறுத்திப் பாக்கலாம். திரும்ப எரிச்சல் வந்தா, வந்தப்ப மட்டும் சில நாள் சாப்பிட்டு, அடங்கினதும் விட்டுடலாம். இந்த மாதிரி லேசானவங்கள்ல நிறைய பேருக்கு அதுவே போதும்."

"திடீர்னு எரிஞ்சா?"

"அதுக்குக் கேப்ஸ்யூல் உடனே கேக்காது. இந்த சிரப் ரெண்டு ஸ்பூன். அஞ்சு நிமிஷத்துல அடங்கும். ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. ஒரேயடியா நிறுத்திடாதீங்க. மூணு வருஷமா கட்டிப்போட்டு வச்ச அமிலத்தை அவுத்து விட்டா, ரெண்டு மூணு வாரம் முன்னைவிட மோசமா துள்ளும். நோய் முத்திடுச்சுன்னு நினைச்சுப் பதறிடுவீங்க."

அவள் தலையாட்டினாள். அந்த வாரமே ஒரேயடியாக நிறுத்தினாள்.

காரணம் ஒரு படிவம். லீக்கில் ஒவ்வொரு வருஷமும் நடுவர்கள் உடல்தகுதிப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். தினமும் உட்கொள்ளும் மருந்துகள் என்று அதில் ஒரு வரி. முந்திய வருஷங்களில் அந்த வரியைக் காலியாக விட்டுவிடுவாள், யாரும் கேட்டதில்லை. இந்த வருஷம் லீக் செயலாளர் படிவத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார். அரையிறுதிக்கு வேறு ஓர் ஆம்பளை நடுவரைப் போட வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. நாற்பத்து மூன்று வயதுப் பொம்பளை, தினமும் மாத்திரை என்று தெரிந்தால் போதும், வெற்றிலை பாக்கு வைத்து வழியனுப்பிவிடுவார். அவள் "இல்லை" என்று எழுதினாள். பொய் எழுதியது உறுத்தியது. பொய்யை மெய்யாக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, மீதியிருந்த கேப்ஸ்யூல்களைக் குப்பையில் போடுவது. போட்டாள்.

நான்காம் நாள் அமிலம் துள்ளத் தொடங்கியது. மெஷின் முன்னால் குனிய முடியவில்லை. முழங்காலை மடித்து உட்கார்ந்து உட்கார்ந்து கட்டுகளைத் தூக்கினாள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்தாள். புருஷன் விடியும்போது கால்மாட்டுக்குச் சறுக்கிப் போய்க் கிடந்தான்.

"ஏம்மா, இது கட்டிலா சறுக்கு மரமா?"

"பேசாம படுங்க. நெஞ்சு எரியுது."

"டாக்டர் சொன்னதைக் கேட்டிருந்தா எரியுமா? ஊருக்கெல்லாம் விதி சொல்ற. உனக்கு ஒருத்தர் விதி சொன்னா மட்டும் ஆகாது."

அவன் சொன்னது சரிதான் என்பதால் அவளுக்கு இன்னும் எரிந்தது.

பதினோராம் நாள் அரையிறுதி. சந்தை அணியும் பஸ் டிப்போ அணியும். இரண்டு அணிகளுக்கும் பழைய பகை. போன வருஷ ஆட்டத்தில் ஒருவனுக்குத் தோள்பட்டை இறங்கியிருந்தது. சந்தை அணியின் தடுப்பு வீரன் ஒரு கறிக்கடைக்காரன். ஆறடி, கழுத்தே இல்லாத உடம்பு. சுவர் என்று கூப்பிடுவார்கள். டிப்போ அணிக்கு ஓரத்தில் ஓடுபவன் ஒல்லிப் பையன், பஸ்களுக்கு டயர் மாற்றுபவன். எந்த இடுக்கிலும் நுழைந்து வெளியே வந்துவிடுவதால் ஊசி. அவனுடைய அண்ணன் அதே டிப்போவில் டிரைவர். தம்பி ஆடும் எந்த ஆட்டத்தையும் விடாமல் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துபவர்.

முதல் பாதியிலேயே நான்கு மஞ்சள் அட்டை, அதில் ஒன்று சுவருக்கு. ஒருவன் ஒருவனுடைய கணுக்காலை ஆணி வைத்த பூட்ஸால் மிதித்தான். அவன் எழுந்து இவன் முகத்தில் துப்பினான். கார்னர் எடுக்கும்போது சட்டைக்குள் கைவிட்டுக் கிள்ளினார்கள், குத்தினார்கள். அவள் இரண்டு பேரைக் காதைப் பிடித்து இழுக்காத குறையாகப் பிரித்துவிட்டாள். இடைவேளையில் ஆட்டக்காரர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பையிலிருந்து ரோஸ் நிற சிரப்பை எடுத்து ஸ்பூன் தேடப் பொறுமையில்லாமல் பாட்டிலோடு வாயில் கவிழ்த்தாள். கொஞ்சம் அடங்கியது.

எழுபதாவது நிமிஷம். டிப்போவுக்குக் கிடைத்த பந்தைத் துரத்தி ஊசி ஓடினான். அவளும் பின்னாலேயே முழு வேகத்தில் ஓடினாள். நடு மைதானத்தில் வயிறு சுருட்டிக்கொண்டு வந்தது. வாய் நிறையப் புளிப்பு. மூச்சுக்குழாய்க்குள் ஒரு சொட்டு போயிருக்க வேண்டும்; இருமல் வெடித்தது. இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றிக் குனிந்தாள். நான்கு நொடி, அதிகம் போனால் ஐந்து. நிமிர்ந்தபோது ஊசி புல்லில் கிடந்தான். கன்னத்து எலும்பு உள்ளே அழுந்தி, ஒரு கண் மூடிப்போய், மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் ரத்தம். பக்கத்தில் சுவர் பந்தோடு நின்றான்.

லைன்ஸ்மேனைப் பார்த்தாள். அவன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையை விரித்தான். அவனும் பார்க்கவில்லை. அடி விழுந்தது என்பது குருடனுக்கும் தெரியும். யார், எப்படி என்பதை அவள் பார்க்கவில்லை. விசிலை வாயில் வைத்தாள். இருமல் விடவில்லை, காற்று வரவில்லை. அந்த இடைவெளியில் சுவர் பந்தை நீளமாக உதைத்தான். முன்னால் நின்றவன் தலையால் முட்டினான். கோல்.

அதற்குப் பிறகு நடந்தது ஆட்டம் இல்லை.

டிப்போ ஆட்கள் கோட்டைத் தாண்டி உள்ளே பாய்ந்தார்கள். மூலைக் கொடிகளைப் பிடுங்கினார்கள். ஒருவன் தண்ணீர்க் கேனைத் தூக்கிச் சந்தை அணியின் கீப்பர் மண்டையில் போட்டான். சந்தைக்காரர்களும் சும்மா வந்தவர்கள் இல்லை. பெஞ்சுக்கு அடியிலிருந்து இரும்புக் குழாய் வெளியே வந்தது. எலும்பில் குழாய் விழும் சத்தத்தை அவள் அன்று இரண்டு முறை கேட்டாள். மண்டை பிளந்த ஒருவன் யாரைத் தேடுகிறோம் என்பது தெரியாமலே வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் ஊதிக்கொண்டே நடுவில் போனாள். முதல் அறை இடது காதில் விழுந்தது. திரும்பினாள். ஊசியின் அண்ணன்.

"என் தம்பி மூஞ்சியப் பாருடி! பாத்தியா? பாத்துக்கிட்டுத்தானே நின்ன!"

இரண்டாவது அறையில் விழுந்தாள். விழுந்தவளை அவர் விலாவில் உதைத்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவது உதையில் உள்ளே ஏதோ காய்ந்த குச்சிபோல முறிந்தது. வேறு கால்களும் வந்து சேர்ந்துகொண்டன. யாருடைய பூட்ஸோ அவள் விரல்களை மண்ணோடு அரைத்தது. கண்ணை மூடிக்கொண்டு, வெட்டும் மெஷினுக்குள் கையை விட்டுவிட்டோம் என்றே அந்த நேரத்தில் நினைத்தாள்.

திடீரென்று மேலே பெரிய பாரம் ஒன்று விழுந்தது. வியர்வையும் பச்சை இறைச்சியும் கலந்த வாடை. சுவர்தான். முழு உடம்பையும் அவள்மேல் கவிழ்த்துப் போட்டு, விழும் உதைகளையெல்லாம் தன் முதுகில் வாங்கிக்கொண்டான். ஒவ்வோர் உதைக்கும் அவன் நெஞ்சிலிருந்து ஒரு முனகல் வந்து அவள் காதில் மோதியது. பிறகு அவளை மூட்டைபோலத் தோளில் போட்டுக்கொண்டு, குறுக்கே வந்த ஒருவனைத் தலையால் முட்டித் தள்ளிவிட்டு, வாசல்வரை ஓடினான்.

"அக்கா, கண்ணைத் திறந்து வச்சுக்கோக்கா. தூங்கிடாத."

மஞ்சள் அட்டை வாங்கிய பிறகும் ஒருவன் அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மருத்துவமனையில் இரண்டு விலா எலும்பு முறிவு, விரலில் கீறல், இடது காதில் ஓயாத ரீங்காரம். டாக்டரம்மா பார்க்க வந்தார். வலி மாத்திரை ஒரு மாதத்துக்காவது வேண்டியிருக்கும், அதுவே இரைப்பையைப் பதம் பார்த்துவிடும் என்று சொல்லி, தினமும் கேப்ஸ்யூல் என்று திரும்ப எழுதினார்.

"நிறுத்தணும்னீங்களே டாக்டர்?"

"குறைக்கணும்னு சொன்னேன். நீங்க எறிஞ்சுட்டீங்க. தேவைப்படும்போது கூட்டணும், தேவை போனா குறைக்கணும். மருந்து மேல உங்களுக்கு என்ன கோபம்? அதுவும் உங்க விசில் மாதிரிதான், எப்ப ஊதணும்னு தெரிஞ்சுக்கணும்."

மறுநாள் காலை புருஷன், வெள்ளையடிக்கும் உருளை மாட்டிய நீளக் கம்போடு டிப்போவுக்குப் போனான். பஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த ஊசியின் அண்ணனை ஏன், எதற்கு என்றுகூடக் கேட்காமல் தோளில் ஒன்று, தொடையில் ஒன்று என்று விளாசினான். கம்பு முறிந்தது. அதற்குள் நான்கு மெக்கானிக்குகள் வந்துவிட்டார்கள். மதியம் அவனையும் அதே மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள். மூக்குத்தண்டு உடைந்து, இரண்டு கண்ணைச் சுற்றியும் கருநீலம்.

"யாரு உங்களைப் போகச் சொன்னா?" என்று கத்தினாள். கத்தியதில் விலா குத்தியது.

"நீ மட்டும்தான் அடி வாங்கணும்னு ஏதாவது விதி இருக்கா?" என்றான் மூக்கில் பஞ்சோடு. அவள் சிரித்தாள். சிரித்ததும் வலித்தது. வலி தாங்காமல் அழுதாள்.

வீட்டுக்கு வந்தபோது ஊரில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. ரெஃப்ரி இடைவேளையில் திரும்பி நின்று பாட்டிலோடு குடித்ததை இருபது பேர் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் தள்ளாடி நடு மைதானத்தில் வாந்தியெடுத்தாளாம், அதனால்தான் ஃபவுல் கண்ணில் படவில்லையாம். பார்க்க வந்த பக்கத்து மெஷின்காரியே, "நிஜமாவா?" என்று கேட்டுவிட்டாள். உதை வாங்கியதைவிட அந்தக் கேள்வி ஆழமாக இறங்கியது.

மூன்றாம் வாரம் விசாரணை. டயர் கடைக்கு மேலே லீக் அலுவலகம்; நீள மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள், கீழே டயர் தட்டும் ஓசை. ஒருபக்கம் சந்தை அணி, மறுபக்கம் டிப்போ அணி, நடுவில் இரண்டு போலீஸ்காரர்கள். ஊசிக்குக் கன்னத்தில் தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். முகத்தில் ஒருபாதி அசையவில்லை. அண்ணன் அவளைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அவர்மேல் அடிதடி வழக்கு பதிவாகியிருந்தது. சுவர் சுவரோரமாக நின்றான்.

செயலாளர் முதல் கேள்வியே பாட்டிலைப் பற்றித்தான் கேட்டார். அவள் பையிலிருந்து ரோஸ் சிரப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"மூடியைத் திறந்து மோந்து பாருங்க. நெஞ்செரிச்சல் மருந்து."

அவர் முகர்ந்தார். "அப்போ நீங்க நோயாளி. படிவத்துல இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

சும்மா இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். படிவம் எழுதியதிலிருந்து ஆட்டம் முடியும்வரை ஒரு கேப்ஸ்யூல்கூடச் சாப்பிடவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யில்லை. அவள் எழுந்து நின்றாள். விலாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"மூணு வருஷமா தினமும் மாத்திரை சாப்பிட்டேன். படிவத்துக்காக ஒரே நாள்ல நிறுத்தினேன். டாக்டர் வேண்டாம்னு சொல்லியும் நிறுத்தினேன். அதனாலதான் அன்னைக்கு அமிலம் ஏறி, நான் குனிஞ்சு நின்னேன். நாலு நொடி நான் ஆட்டத்தைப் பாக்கல. அந்த நாலு நொடியிலதான் இந்தப் பையன் மூஞ்சி உடைஞ்சுது. யாரு அடிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. பாக்காததை நான் எழுத மாட்டேன். ஆனா பாக்காம விட்டது நான்தான்."

செயலாளர் இரண்டு அணிகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஊசியின் அண்ணன் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ யாருன்னு யாருமே சொல்ல மாட்டீங்க" என்றார் செயலாளர்.

"நான்தான்" என்றான் சுவர்.

சந்தை அணியின் தலைவன் அவன் கையைப் பிடித்து இழுத்தான். சுவர் உதறினான். "முழங்கையால அடிச்சேன். தெரிஞ்சே அடிச்சேன். முதல் பாதியில அவன் என் கணுக்காலை மூணு தரம் மிதிச்சான். அக்கா குனிஞ்சதைப் பாத்தேன். இதான் சமயம்னு அடிச்சேன்."

சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் மேஜைமேல் தாவிவிட்டார். சிரப் பாட்டில் பறந்து உடைந்தது. சுவர் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான், தடுக்கவில்லை. முகத்தில் மூன்று குத்து விழுந்தது. உதடு கிழிந்தது. போலீஸ்காரர்கள் இருவரும் சேர்ந்து இழுத்தும் முடியாமல், கடைசியில் ஊசியே எழுந்து வந்து அண்ணன் இடுப்பைக் கட்டிக்கொண்டான். பாதி வாயால், "போதும்ணே" என்றான்.

சுவருக்கு இரண்டு வருஷத் தடை. அண்ணன் மைதானத்துக்குள் காலெடுத்து வைக்க ஒரு வருஷம் கூடாது. படிவத்தில் மறைத்ததற்காக அவளுக்கு ஆறு மாதம். மேல்முறையீடு செய் என்று புருஷன் சொன்னான். அவள் செய்யவில்லை.

அன்று மாலை சுவரின் கறிக்கடைக்குப் போனாள். கட்டையில் எலும்பு வெட்டிக்கொண்டிருந்தவன் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான். உதட்டில் தையல்.

"உயிரைக் காப்பாத்தின. அதுக்கு நன்றி சொல்ல வந்தேன்" என்றாள். "அந்தப் பையன அடிச்சதுக்கு நான் பாத்திருந்தா சிவப்பு காட்டியிருப்பேன். அதையும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"தெரியும்க்கா." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீ விழுந்தப்ப, நான் பண்ணினதுக்கு நீ வாங்குறியேன்னு இருந்துச்சு. வேற ஒண்ணும் யோசிக்கல."

அந்த ஆறு மாதத்தில் அவள் டாக்டரம்மா சொன்னதை அப்படியே செய்தாள். எலும்பு கூடி வலி மாத்திரை நின்ற பிறகு நாற்பது இருபதாயிற்று. ஒரு மாதம். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். எரிச்சல் எட்டிப்பார்த்தது, சிரப்போடு சமாளித்தாள். மாலைச் சாப்பாட்டை முன்னுக்குத் தள்ளினாள். செங்கல் அப்படியே இருந்தது. புருஷனும் சறுக்கப் பழகிவிட்டான். நான்காவது மாதம் கேப்ஸ்யூல் முழுதாக நின்றது. முதல் இரண்டு வாரம் லேசான துள்ளல், அதுவும் அடங்கியது. பிறகு எப்போதாவது தொடர்ந்து மூன்று நாள் எரிந்தால் ஒரு வாரம், பத்து நாள் சாப்பிடுவாள், விட்டுவிடுவாள். வருஷத்துக்கு நாலைந்து தடவை. வாழ்நாள் முழுக்க இப்படி இருக்கலாமா என்று கேட்டாள். தாராளமா, முழுங்கறப்ப அடைச்சாலோ, எடை குறைஞ்சாலோ, கறுப்பா மலம் போனாலோ மட்டும் உடனே ஓடி வாங்க என்றார் டாக்டரம்மா.

புதிய படிவத்தில் அந்த வரியில் எழுத இடம் போதவில்லை. "லேசான அமில எதுக்களிப்பு, தேவைப்படும்போது மட்டும் கேப்ஸ்யூல், ஆட்டத்தின்போது சிரப் வைத்திருப்பேன்" என்று பக்கவாட்டில் வளைத்து எழுதினாள். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். செயலாளர் இரண்டு முறை படித்துவிட்டு முத்திரை குத்தினார்.

தடை முடிந்து அவள் ஊதிய முதல் ஆட்டம் டிப்போவுக்கும் துறைமுக அணிக்கும். ஊசி கன்னத்துத் தகடோடு ஆட வந்திருந்தான். முன்பு அடி வாங்கினால் எழுந்து ஓடுபவன். இப்போது கண்ணில் வேறு ஏதோ இருந்தது. யாராவது நெருங்கினாலே முழங்கை உயர்ந்தது. இருபதாவது நிமிஷத்தில் எச்சரித்தாள். "பாத்து ஆடுப்பா."

ஐம்பத்தைந்தாவது நிமிஷம், துறைமுகத்துக்காரன் ஒருவன் வழுக்கி விழுந்தான். பந்து எங்கோ போய்விட்டது. ஊசி நின்று, கீழே கிடந்தவனைப் பார்த்து, காலைத் தூக்கி அவன் முழங்கால்மேல் முழுப் பாரத்தோடு மிதித்தான். கால் பக்கவாட்டில் மடங்கியது. கிடந்தவன் போட்ட அலறலில் கூட்டமே எழுந்து நின்றது. அவள் பத்தடி தூரத்தில், கண் இமைக்காமல் முழுதையும் பார்த்தாள்.

விசில். சிவப்பு அட்டை.

ஊசி அவள் முன்னால் வந்து நின்றான். முகத்தின் அசையும் பாதி மட்டும் கோணியது. "எனக்கு நடந்தப்ப காட்டினியா? எனக்குக் காட்டினியா நீ?" என்று கத்திக் கையை ஓங்கினான். அவள் பின்வாங்கவில்லை. அட்டையை இறக்கவுமில்லை. வேலிக்கு வெளியே டிப்போ ஆட்கள் கம்பியை உலுக்கத் தொடங்கினார்கள்.

வேலியைத் தாண்டி ஒருவர் குதித்தார். ஊசியின் அண்ணன். தடை இருப்பதை மறந்து, நேராக அவளை நோக்கி ஓடி வந்தார். லைன்ஸ்மேன் கொடியைப் போட்டுவிட்டு ஓடினான். அவளுக்கு விலா தானாகவே இறுகியது.

அண்ணன் அவளைக் கடந்து போனார். தம்பியின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து, கன்னத்துத் தகடு இல்லாத பக்கம் பார்த்து ஓர் அறை விட்டார். "கிடக்கிறவன் காலை உடைக்கிறியாடா? அதுவா கத்துக்கிட்ட?" இன்னோர் அறை. ஊசி அழ ஆரம்பித்தான். காலரைப் பிடித்தபடியே அவனைக் கோட்டுக்கு வெளியே தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. காலொடிந்தவனை ஏற்றி அனுப்பினாள். பிறகு நோட்டை எடுத்து, தடையை மீறி மைதானத்துக்குள் நுழைந்த அண்ணனின் பெயரையும் எழுதிக்கொண்டாள். மீதி முப்பத்தைந்து நிமிஷம் ஆட்டம் நடந்தது.